திண்டிவனத்தில் மூன்று பேர் கதவைத் தட்டிய இரவு



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். வேலூரில் அவருடைய அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். நம் காஞ்சிபுரத்தில் பெரிய நோய் என்றாலே வேலூருக்குப் போ என்பார்கள். அந்த ஆஸ்பத்திரி வந்த கதையை அவரிடம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1890களின் தொடக்கம். திண்டிவனத்தில் மிஷனரி டாக்டர் ஜான் ஸ்கடர் இருந்தார். ராணிப்பேட்டையில் பிறந்து அமெரிக்காவில் படித்த அவர் மகள் ஐடா, உடம்பு சரியில்லாத தாயைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார். இங்கேயே தங்கும் எண்ணம் அவருக்கு இல்லை.

ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் இன்னொரு உயர்சாதி இந்து. மூவரின் மனைவிக்கும் பிரசவம் சிக்கலாகியிருந்தது. தான் டாக்டர் இல்லை, அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே திரும்பிவிட்டார்கள். அந்த மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

பைபிளில் நல்ல சமாரியன் கதை வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறதா? சட்டம் படித்த ஒருவர், தான் அன்பு காட்ட வேண்டிய அயலான் யார் என்று இயேசுவிடம் கேட்கிறார். எதுவரைக்கும் என் கடமை என்று எல்லை கேட்கும் கேள்வி அது. இயேசு எல்லை போடவில்லை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் சொந்த சனத்துப் பெரியவர்கள் விலகிப் போனதையும், அவர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன் காயம் கட்டியதையும் சொல்லி, இவர்களில் அயலானாக நடந்துகொண்டது யார் என்று திருப்பிக் கேட்கிறார். தமிழ் பைபிளில் இந்த இடத்தில் வரும் சொல் 'பிறன்'. பக்கத்து வீட்டுக்காரன் என்று பொருள் இல்லை. நம்மவர் அல்லாத யாரும் பிறன்தான்.

ஐடாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அமெரிக்கா திரும்பி 1899இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1902இல் பெண்களுக்கான ஆஸ்பத்திரி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி.

முப்பது வருஷம் இந்தக் கதையைப் பாடம் நடத்தியவன் நான். 2020இல் கொரோனா சமயத்தில் எதிர்வீட்டு நெசவாளர் குடும்பமே காய்ச்சலில் படுத்தது. தறிச் சத்தம் நின்றுபோனது. நான் கதவைச் சாத்திக்கொண்டேன். நான்கு தெரு தள்ளியிருந்த, அந்த வீட்டு வாசலை அதுவரை மிதித்தறியாத ஒருவர்தான் தினமும் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். இன்றும் அந்த நெசவாளர் என்னைப் பார்த்தால், "வணக்கம் சார்" என்பார். எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

எதிர்வீட்டில் குடியிருந்தது நான். அயலானாக இருந்தது அவர்.

எல்லோரும் நலமாக இருங்கள்.