லெனுவாரின் நூதனசாலையும் பூங்காவும்

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திற் பாரிஸ் நகரத் தேவாலயங்களின் சமாதிகளும் சிற்பங்களும் பல உடைபட்டன. எஞ்சியவற்றைத் துறவிமடமொன்றிற் சேர்த்துக் காத்தவர் அலெக்சாந்தர் லெனுவார். 1795இல் அம்மடம் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. நூற்றாண்டுக்கொரு மண்டபமாக வகுத்த அவர், பதின்மூன்றாம் நூற்றாண்டு மண்டபத்தை இருளுற அமைத்து, காலம் முன்னேற ஒளியையும் பெருக்கினார். இது வரலாறன்று, நாடகமே எனலாம். எனினும் காண்போர்க்குக் காலவுணர்ச்சியை ஊட்டிற்று. பூங்காவில் மரங்களிடையே அபெலார், எலோயீஸ் ஆகியோரின் சமாதியை எழுப்பினார். அதுவும் பல இடத்துக் கற்களை இணைத்தமைத்ததே.

கல்லை அதன் இடத்தினின்று பெயர்த்தல் அதன் பொருளைக் கொல்லுமெனக் கத்திர்மேர் த கென்சி வாதிட்டார். இடத்திலேயே விட்டிருப்பிற் கல்லே மிஞ்சியிராது என்பதை அவர் போதிய அளவு எண்ணவில்லை. 1816இல் முடியாட்சி நூதனசாலையை மூடிற்று. அரசர் சமாதிகள் சென்-தெனி தேவாலயத்துக்கு மீண்டன. அனே மாளிகையின் முகப்போ இன்றும் அவ்விடத்து நுண்கலைக் கல்லூரி முற்றத்தில் நிற்கின்றது.