இல்லத்துச் சலவை: ஒரு வரலாற்று நோக்கு



மன்னர்கள் அணிந்த பட்டாடைகளைப் பற்றியும், கடல் கடந்து சென்ற மஸ்லின் துணிகளைப் பற்றியும் நம் வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அவ்வாடைகளை வெளுத்தவர் யாவர், எங்கே வெளுத்தனர், எம்முறையில் வெளுத்தனர் என்னும் வினாக்களுக்கு அந்நூல்களில் விடை காண்பது அரிது. ஓர் ஆடையை நெய்வது ஒரு முறை. அதனை வெளுப்பதோ அது நைந்து கிழியும் வரையில் தொடரும் வேலை. மனித உழைப்பில் இத்தனை பெரும் பங்கைக் கொண்ட ஒரு தொழிலைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே எண்ணிப் பார்த்திருக்கிறோம்.

இவ்வுரையைக் கேட்போரிலும் படிப்போரிலும் பலர், பிழைப்பின் பொருட்டு மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ குடியேறி, இரண்டு மூன்று அறைகள் கொண்ட வீட்டில் வாழ்பவர்கள். கணவனும் மனைவியும் அலுவலகம் செல்ல, குழந்தைகள் பள்ளி செல்ல, மூலையில் அழுக்குத் துணி மலைபோலக் குவிவது அவ்வில்லங்களில் அன்றாடக் காட்சி. இவ்வேலையை எளிதாக்க வழி உண்டா என்று அவர்கள் கேட்கிறார்கள். முன்னோரும் இதே கேள்வியைக் கேட்டவர்களே. அவர்கள் கண்ட விடைகள் எவை, அவ்விடைகளுக்கு விலை கொடுத்தவர் யார் என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

சங்க நூல்களிலேயே சலவைத் தொழிலின் செய்தி கிடைக்கிறது. உவர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் ஒரு பெண் நாள்தோறும் வெளுத்துத் தந்த தூய வெள்ளாடையைப் புறநானூற்றுச் செய்யுள் ஒன்று குறிப்பிடுகிறது. கஞ்சிப் பசையில் தோய்த்த ஆடையை வெளுப்பவள் ஒருத்தி குளிர்ந்த குளத்து நீரில் இடும் காட்சி, பகன்றை மலருக்கு உவமையாகக் குறுந்தொகையில் வருகிறது. உவரும் கஞ்சியும் ஆகிய இரண்டும் சலவைக்கு உதவும் என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும். இரண்டு இடங்களிலும் வெளுப்பவள் பெண் என்பதும், அவளைக் குறிக்க அங்கே வழங்கிய சொல் பிற்காலத்தில் இழிபெயராகிவிட்டது என்பதும் கருதத்தக்கவை.

உவர்மண்ணின் இயல்பை இன்றைய வேதியியல் எளிதில் விளக்கும். அம்மண்ணில் சோடியம் கார்பனேட் முதலிய காரப்பொருள்கள் உள்ளன. உடலின் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் படிந்த துணியில் இக்காரம் சேர்ந்து சூடேறும்போது, அந்த எண்ணெயின் ஒரு பகுதியே சவுக்காரமாக மாறி அழுக்கைக் கழற்றிவிடுகிறது. இந்த உண்மையின் மேல் எழுந்ததே வெள்ளாவி முறை. துணிகளை உவர்நீரில் நனைத்து, கொதிக்கும் பானையின் மேல் அடுக்கி, இரவு முழுவதும் ஆவியில் வேகவைப்பர். மறுநாள் ஆற்றிலோ குளத்திலோ கல்லில் அடித்து அலசும்போது, கை செய்ய வேண்டிய வேலையிற் பெரும்பகுதியை ஆவியும் காரமும் முன்னரே செய்து முடித்திருக்கும். கஞ்சி இடுவதும் மிடுக்குக்காக மட்டும் அன்று. நூலின் மேல் மெல்லிய படலமாகப் படியும் கஞ்சியின் மீதே புதிய அழுக்கு தங்குவதால், அடுத்த சலவையில் கஞ்சி கரையும்போது அழுக்கும் உடன் போய்விடும்.

வெளுக்க வந்த துணிகளைக் கலந்து போகாமல் பிரித்தறியச் சேங்கொட்டையின் சாற்றால் குறியிடுவர். அக்கறுப்புக் குறி எத்தனை முறை வெளுத்தாலும் அழியாது. ஏடும் எழுத்தாணியும் இன்றிப் பல வீடுகளின் கணக்கை அக்குறிகளே காத்தன. தரம் பிரித்தல், குறியிடுதல், ஊறவைத்தல், ஆவியில் வைத்தல், அடித்து அலசுதல், நீலமும் கஞ்சியும் இடுதல், உலர்த்துதல் என்று ஒழுங்கான வரிசையில் அமைந்த அத்தொழில், தக்க பயிற்சியும் நுண்ணறிவும் வேண்டிய கலையாகவே இருந்தது.

இவ்வேற்பாட்டால் ஊரில் வசதியுள்ள இல்லங்களுக்குச் சலவை மிக எளிதாயிற்று. மூட்டையைக் கட்டிக் கொடுத்துவிட்டால் வெளுத்த துணி வீடு தேடி வரும். கூலியோ அறுவடைக் காலத்தில் அளந்து தரும் நெல்லும், மாலையில் இடும் சோறுமே. ஆனால் அந்த எளிமை ஒரு சாதியின் தலைமீது சுமையை ஏற்றிப் பெற்ற எளிமை. பிறர் அழுக்கை நீக்கியவரையே தீட்டுடையவர் என்று ஒதுக்கி வைத்தனர். தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட மக்களுக்கு வெளுத்த புதிரை வண்ணாரின் நிலை இன்னும் கொடிது. அவர்கள் பகலில் பிறர் கண்ணில் படுவதே குற்றமென்று கருதி, இரவில் நடமாடி இரவிலேயே வெளுக்கும்படி அவர்களைக் கட்டுப்படுத்திய செய்தி வரலாற்றில் பதிவாகியுள்ளது. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. எனினும் இத்தொழிலின் மீது படிந்த இழிவெண்ணம் சட்டத்தின் வேகத்தில் மறையவில்லை.

நகரங்கள் வளர்ந்தபோது இத்தொழில் ஆற்றங்கரையை விட்டுப் பெரிய கட்டடங்களுக்கு இடம் பெயர்ந்தது. அந்நாளைய பம்பாயில் மகாலட்சுமி இரயில் நிலையத்தருகே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைந்த சலவைத்துறை இன்றும் இயங்குகிறது. நூற்றுக்கணக்கான கல் தொட்டிகளும், ஒவ்வொன்றிலும் ஒரு துவைகல்லுமாக விரியும் அத்துறையைப் பாலத்தின் மேல் நின்று காணாத மும்பைத் தமிழர் அரியர்.

வெளிமாநிலத் தமிழருக்கு இன்னும் நெருங்கிய ஒரு சான்று கொச்சியில் உண்டு. கொச்சிக் கோட்டைப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகச் சலவைத் தொழில் புரிந்துவருவோர் தமிழ் வண்ணார் குடும்பத்தினர். டச்சுக்காரர் தம் படைவீரரின் சீருடைகளை வெளுப்பதற்காகத் தம் முன்னோரைத் தமிழகத்திலிருந்து அழைத்து வந்தனர் என்பது அவர்களிடையே வழிவழியாக வழங்கும் செய்தி. குளக்கரைகளில் வெளுத்துவந்த அவர்களுக்கு 1970களில் அரசின் வளர்ச்சி அமைப்பு ஒரு பொதுச் சலவைக்கூடத்தைக் கட்டித் தந்தது. அங்கே துணி உலர்த்தும் முறை காணத்தக்கது. இரு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டி, முறுக்குகளின் இடையே துணியின் விளிம்பைச் செருகிவிடுகின்றனர். கவ்வியும் வேண்டுவதில்லை, காற்றுக்கும் துணி பறப்பதில்லை. அரிசிக் கஞ்சியும் கரி இட்ட இஸ்திரிப் பெட்டியும் அங்கே நெடுங்காலம் நிலைத்து நின்றன. இஸ்திரி என்னும் சொல்லே, ‘இழுத்து நீட்டுதல்’ என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பர் மொழியறிஞர். தில்லித் தெருவின் மரநிழலில் நிற்பவரும் தமிழ்நாட்டுச் சிற்றூர்க்காரரும் அச்சொல்லை ஒன்றுபோல வழங்குகின்றனர்.

பிறர் கையை எதிர்பார்க்கும் பழக்கத்தை மாற்ற முனைந்தவருள் ஒருவர் காந்தியடிகள். தென்னாப்பிரிக்காவில் அவர் வழக்கறிஞராக இருந்தபோது சலவைச் செலவு மிகுந்தது. துணியும் குறித்த நாளில் வந்து சேரவில்லை. டஜன் கணக்கில் சட்டைகளும் காலர்களும் வைத்திருந்தும் போதவில்லை. ஆகவே அவர் சலவை பற்றிய நூல் ஒன்றை வாங்கிப் படித்துத் தாமே வெளுக்கக் கற்றுக்கொண்டார்; துணைவியாருக்கும் கற்பித்தார். முதன்முதல் அவர் கஞ்சியிட்ட காலரிலிருந்து நீதிமன்றத்திலேயே கஞ்சி உதிர, உடனிருந்த வழக்கறிஞர்கள் நகைத்தனர். அவர் அதற்காக நாணவில்லை. பின்னாளில் கோகலே தென்னாப்பிரிக்கா வந்தபோது, ரானடே தமக்களித்த அருமையான அங்கவஸ்திரத்தை இஸ்திரி செய்ய அவரிடம் நம்பிக் கொடுக்கும் அளவுக்கு அத்தொழிலில் அவர் தேர்ந்துவிட்டார். இச்செய்திகள் யாவும் அவருடைய தன்வரலாற்றில் உள்ளன. தன் துணியைத் தானே வெளுத்தலை அவர் இழிவாகக் கருதவில்லை, விடுதலையாகக் கருதினார்.

இதற்கிடையே ஆலைச் சவுக்காரம் நாட்டினுள் புகுந்தது. 1888இல் கல்கத்தாத் துறைமுகத்தில் சன்லைட் சவுக்காரப் பெட்டிகள் வந்து இறங்கின. 1959இல் ‘சர்ஃப்’ என்னும் சலவைத்தூள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 1969இல் குஜராத்தைச் சேர்ந்த கர்சன்பாய் படேல், தாமே உருவாக்கிய ‘நிர்மா’ தூளை மிதிவண்டியில் வைத்து வீடு வீடாக மலிவு விலையில் விற்கத் தொடங்கினார். சவுக்காரத்திற்கும் இத்தூளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கடின நீரிலுள்ள சுண்ணச் சத்தோடு சவுக்காரம் சேர்ந்தால் நுரை எழாது. திரிதிரியாகத் திரண்டு துணியிலேயே படியும். செயற்கைத் தூள் அவ்வாறு எளிதில் திரளாது. ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பிய நகரங்களில் தூள் விரைந்து பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சவுக்காரமும் தூளும் மலிந்ததால் சலவை, துறையை விட்டு வீட்டுக்குள் வந்தது. சாதியின் தலையிலிருந்து சுமை சிறிது இறங்கியது நற்செய்தியே. ஆனால் இறங்கிய சுமை வீட்டிலுள்ள எல்லோருக்குமாகப் பங்கிடப்படவில்லை. பெரும்பாலும் பெண்ணின் கையிலேயே வந்து நின்றது. 1980களில் சலவைப்பொறி நடுத்தர இல்லங்களை அடைந்தது. அது முதுகின் வலியைக் குறைத்தது உண்மை. எனினும் வாரம் இருமுறை மாற்றிய துணியை நாள்தோறும் மாற்றும் வழக்கமும் உடன் வளர்ந்தது. துணியைப் பிரிப்பதும், கொடியில் காயப்போடுவதும், மடிப்பதும், உரியவர் அலமாரியில் வைப்பதும் பொறி செய்யாத வேலைகள். 2019இல் நாடு தழுவிய முறையில் நடந்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஓர் உண்மையைக் காட்டிற்று. ஊதியமற்ற வீட்டுவேலைகளில் ஈடுபட்ட பெண் ஒருவர் அவற்றிற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிட்டார். ஆண் ஒருவர் செலவிட்டதோ 97 நிமிடங்கள். அவ்வேலைகளில் ஈடுபட்டவரே பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 81 பேர், ஆண்களில் 26 பேர்தான்.

ஆகவே வரலாறு கூறுவது இதுவே: சலவைச் சுமை பலமுறை கை மாறியிருக்கிறது; பகிர்ந்துகொள்ளப்பட்டது குறைவு. ஒரு குடும்பம் உண்மையிலேயே இதனை எளிதாக்க விரும்பினால், பழைய தொழிலாளரின் ஒழுங்கையும் காந்தியடிகளின் மனப்பான்மையையும் ஒருங்கே மேற்கொள்ள வேண்டும்.

தரம் பிரிப்பதே அத்தொழிலின் முதற்படி. வெள்ளைக்கு ஒன்று, வண்ணத்திற்கு ஒன்று என இரு கூடைகள் வைத்து, ஒவ்வொருவரும் கழற்றிய துணியைத் தாமே உரிய கூடையில் இட்டால், வாரக்கடைசியில் ஒருவர் உட்கார்ந்து பிரிக்க வேண்டுவதில்லை. அடுத்தது ஊறவைத்தல். கழுத்துப்பட்டியும் கைவிளிம்பும் போன்ற அழுக்குமிக்க பகுதிகளில் முன்னரே சவுக்காரம் தடவி ஊறவிட்டால், தேய்க்கும் உழைப்பு பாதியாகும். தூளை அள்ளிப் போடுவதால் தூய்மை மிகாது. அலசும் நீர்தான் மிகும். வேண்டிய அளவே இடுக. சலவைக்கு நாள் குறித்துக்கொள்வதும் நன்று. படுக்கை விரிப்புக்கு ஒரு நாள், பள்ளிச் சீருடைக்கு ஒரு நாள் என்று வகுத்துவிட்டால் மலைபோலத் துணி சேராது. ஒரு பொழுது மட்டும் உடுத்திய, வியர்வை படாத மேலாடையைக் காற்றாட விட்டு மறுமுறை உடுத்துவதில் இழிவு ஏதும் இல்லை. நன்கு உதறி, நீவி, நேராகக் காயப்போட்ட துணிகளில் பலவற்றுக்கு இஸ்திரியே வேண்டியதில்லை. வண்ணத் துணியை உட்புறம் திருப்பி நிழலில் உலர்த்துக.

இவற்றினும் முதன்மையானது வேலைப் பங்கீடு. காயப்போடுவது கணவனுடையது, மடிப்பது பிள்ளைகளுடையது, பொறியை இயக்குவது மனைவியுடையது என்று வகுத்து, மாதந்தோறும் மாற்றிக்கொள்ளலாம். பத்து வயதுப் பிள்ளை தன் சட்டையை மடித்து வைக்கக் கற்பது பள்ளிப் பாடத்திற்குக் குறைந்த கல்வியன்று. வெளியாரிடம் துணி கொடுக்கும் இல்லங்கள், தெருமுனையில் இஸ்திரி போடுபவருக்குப் பேரம் பேசாது உரிய கூலியை உரிய நாளில் கொடுப்பதும் இந்த ஒழுங்கைச் சேர்ந்ததே. அவரும் பெரும்பாலும் நம்மைப் போலவே ஊர் விட்டு வந்து பிழைப்பவர்.

உவர்நிலக் கிணற்றடியில் நாள்தோறும் உழைத்த அப்பெண்ணின் பெயரை நாம் அறியோம். இன்று நம் வீட்டில் அவ்வேலையைச் செய்பவர் யார் என்பதை நாம் அறிவோம். அவர் கைக்கு இன்னும் இரண்டு கைகள் துணையாகச் சேருமாயின் சலவை தானே எளிதாகும்.