பெட்டியும் சைக்கிளும்: பிரேம்குமாரின் இரண்டு இரவுகள்

சி. பிரேம்குமார் தமிழில் இயக்கிய முதல் படம் ‘96’, 2018 அக்டோபரில் வந்தது. அடுத்தது ‘மெய்யழகன்’, 2024 செப்டம்பரில். இரண்டையும் அண்மையில் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஊரே கொண்டாடிய முதல் படத்தைவிட, இழுவை என்று பலர் சலித்துக்கொண்ட இரண்டாவது படம்தான் எனக்கு மேலாகத் தெரிகிறது. ‘96’ கச்சிதமான படம், ஆனால் தன் நாயகனை ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. ‘மெய்யழகன்’ தொளதொளவென்று நீளும் படம், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறது.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். தஞ்சாவூரை விட்டுப் போன ஒருவர் ஆண்டுகள் கழித்து ஓர் இரவு பழைய உறவோடு பேசிக் கழிக்கிறார், விடிந்ததும் பிரிகிறார். ‘96’இல் பத்தாம் வகுப்போடு ஊரைவிட்டுப் போனவன் ராம். பள்ளித் தோழர்கள் சென்னையில் கூடும்போது சிங்கப்பூரிலிருந்து அவனுடைய பள்ளிக் காதலி ஜானு வருகிறாள். ‘மெய்யழக’னில் சொத்துத் தகராறில் வீட்டை இழந்து குடும்பத்தோடு சென்னைக்குப் போன அருள்மொழி, தங்கை முறையிலான புவனாவின் கல்யாணத்துக்காக 22 ஆண்டுகள் கழித்து நீடாமங்கலம் வருகிறான். அவர்கள் வீட்டைக் காலி செய்யும் ஆண்டும் 1996தான். இயக்குநருக்கு அந்த ஆண்டின்மேல் அப்படி ஒரு பிடிப்பு.

நினைவு என்பது பிரேம்குமாருக்கு ஏதோ இடையில் பிடித்துக்கொண்ட விஷயம் இல்லை. 2012இல் வந்த ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ படத்தின் ஒளிப்பதிவாளர் அவர். கிரிக்கெட் ஆடும்போது தலையில் அடிபட்டுக் கல்யாணத்துக்கு முன்பு நினைவு தப்பிப்போகும் அந்தக் கதையே அவருடைய வாழ்க்கையில் நடந்ததுதான். மறந்துபோனவனைச் சுற்றியிருப்பவர்கள் படும் பாடு அங்கே நகைச்சுவை. ‘96’இல் மறக்காதவன் நாயகன். ‘மெய்யழக’னில் மறந்துபோனவன் மறுபடி வருகிறான், இந்த முறை குற்றவுணர்ச்சியோடு.

முதலில் ராம். விஜய் சேதுபதி அந்த வெட்கத்தையும் தடுமாற்றத்தையும் அழகாகச் செய்திருக்கிறார், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. சிக்கல் எழுத்தில் இருக்கிறது. ராம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வேறு பெண்ணைத் தொட்டதில்லை, ஜானுவின் கல்யாணத்துக்கு வந்து கூட்டத்தில் ஒளிந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறான். இத்தனையும் தெரிய வரும்போது படம் அவனைத் தெய்வமாக்குகிறது. எனக்கு ஜானுவை நினைத்துத்தான் வயிறு கலங்கியது. கணவனும் மகளும் உள்ள ஒருத்தியின் தலையில், உனக்காக ஒருவன் வாழ்க்கையையே நிறுத்தி வைத்திருக்கிறான் என்ற பாரத்தை ஒரே இரவில் ஏற்றிவிட்டு, விமான நிலையம் வரை கொண்டுபோய் விடுகிறார்கள். அவள் அந்தப் பாரத்தோடு சிங்கப்பூரில் என்ன செய்வாள் என்று படம் யோசிப்பதே இல்லை. ராமின் காதல் எவ்வளவு தூயது என்று காட்டுவதிலேயே அதற்கு நேரம் போய்விடுகிறது.

ஆனாலும் ‘96’ நிற்கிறதென்றால் ஜானுவால்தான். ராமின் மாணவிகள் அவளை அவன் மனைவி என்று நினைத்துக்கொண்டு, எப்படிச் சேர்ந்தீர்கள் என்று கேட்கும் இடத்தைப் பாருங்கள். நிஜத்தில் கல்லூரிக்குத் தேடி வந்த ராமை, வேறு யாரோ என்று தப்பாக நினைத்துப் பார்க்காமலேயே திருப்பி அனுப்பியவள் அவள். மாணவிகளிடம் சொல்லும் கதையில் அதைத் திருத்திவிடுகிறாள். அங்கே அவர்கள் சந்தித்துவிடுகிறார்கள், சேர்ந்துவிடுகிறார்கள். த்ரிஷா அதைச் சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கி, தான் சொல்லும் பொய்யைத் தானே நம்ப ஆசைப்படும் இடத்துக்குப் போய்ச் சேர்கிறார். ராம் பக்கத்தில் திகைத்து உட்கார்ந்திருக்கிறான். படம் முழுக்க எதையாவது துணிந்து செய்வது அவள் மட்டுமே. பேச்சைத் தொடங்குவது, முடி வெட்டக் கூட்டிப்போவது, பள்ளிக்கூட நாளில் அவன் கேட்டுக் கேட்டும் பாடாத ‘தளபதி’ படப் பாட்டை மின்சாரம் போன வீட்டில் பாடுவது, எல்லாம் அவள்தான். இழப்பதற்கு ஏதாவது இருக்கும் ஆள்தான் ஒரு கதையில் உயிரோடு இருப்பார். ராமிடம் இழப்பதற்கு எதுவும் இல்லை.

மெய்யழகனும் ராமின் தம்பிதான். கல்யாண வீட்டில் அருளோடு ஒட்டிக்கொள்ளும், கார்த்தி நடித்த அந்த இளைஞனுக்கு மாடு, பாம்பு, சொந்தம், பக்கத்து வீடு எல்லாவற்றின்மேலும் அன்பு. வாய்க்கு வாய் அத்தான் என்கிறான், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு சோறு போடுகிறான். இவனுக்கு ஒரு கெட்ட குணமாவது கொடுத்திருக்கக் கூடாதா என்று எனக்கு எரிச்சலே வந்தது. நல்லவர்களை எழுதும்போது பிரேம்குமாரின் பேனாவுக்கு நிதானம் போய்விடுகிறது.

வித்தியாசம், கேமரா யார் பக்கத்தில் உட்காருகிறது என்பதில்தான். ‘96’ ராமோடு உட்கார்ந்து ராமையே ரசிக்கிறது. ‘மெய்யழகன்’ தெய்வத்தோடு உட்காரவில்லை, எதிரே நெளியும் அருளோடு உட்காருகிறது. தன்னை இவ்வளவு கொண்டாடுகிறவனின் பெயர் அருளுக்குத் தெரியாது. ஆரம்பத்தில் கேட்கவில்லை, அதற்குப் பிறகு கேட்கவும் முடியாது. கல்யாண வீட்டுக்குப் போய் இந்த அவஸ்தையைப் படாத தமிழர் உண்டா? அந்தச் சின்னத் தர்மசங்கடத்தை இயக்குநர் படம் முழுக்க இழுத்துக்கொண்டு போய், இவ்வளவு அன்புக்கு நான் தகுதியானவனா என்ற கேள்வியாக வளர்த்துவிடுகிறார். அருளாக நடித்த அரவிந்த் சாமியின் முகத்தில் எரிச்சல் சிரிப்பாகி, சிரிப்பு கூச்சமாகி, கூச்சம் வலியாவது படிப்படியாகத் தெரிகிறது. அவர் செய்தவற்றில் இதுவே சிறந்தது என்பேன்.

இரண்டு படத்திலும் ஒரு பொருள் இருக்கிறது. ‘96’இல் ராமின் பெட்டி. ஜானு சம்பந்தப்பட்ட சில்லறைப் பொருள்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறான், கடைசியில் அவள் அன்று உடுத்திய துணியும் அதற்குள் போகிறது. ‘மெய்யழக’னில் சைக்கிள். அருளின் குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது விட்டுவிட்டுப் போனது அது. அந்தச் சைக்கிளால் தங்கள் குடும்பமே நிமிர்ந்தது என்று மெய்யழகன் சொல்லும்போது, விட்டவனுக்கு அது நினைவில்கூட இல்லை. பெட்டிக்குள் போன நினைவால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. கைவிடப்பட்ட சைக்கிளோ ஒரு வீட்டில் அடுப்பெரிய வைத்திருக்கிறது. பழசைப் பூட்டி வைப்பதை அன்பு என்று சொன்ன இயக்குநர், ஆறு ஆண்டு கழித்து அடுத்தவர் கைக்குப் போய்ப் புழங்குவதே அன்பு என்கிறார். அவர் வளர்ந்திருக்கிறார் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

கல்யாண மேடைக் காட்சியையும் சொல்ல வேண்டும். புவனாவுக்குக் கொண்டுவந்த நகைகளை அருள் அங்கேயே பிரித்துப் போட்டுவிடுகிறான், கீழே உட்கார்ந்து காலில் கொலுசு மாட்டுகிறான். வரிசையில் ஆள்கள் காத்திருக்கிறார்கள், வீடியோக்காரர் நிற்கிறார், மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார். வசனம் ஏறக்குறைய இல்லை. தமிழ் சினிமாவில் அண்ணன் தங்கைப் பாசத்துக்கு அழுது புரண்ட காட்சிகள் ஏராளம். இந்த அமைதி அரிது. அதே மண்டபத்தில் ஓர் உறவுக்காரப் பெண், உன்னைக் கட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்கிற ஏக்கத்தை நாலு வார்த்தையில் சொல்லிவிட்டு நகர்கிறாள். ‘96’ இரண்டரை மணி நேரத்துக்கு மேல் சொன்னதை இங்கே ஒருத்தி நடந்துபோகிற போக்கில் சொல்லி முடிக்கிறாள்.

கட்டுமானத்தில் ‘96’க்கே மதிப்பெண். இரவு, மழை, வீடு, விமானம் என்று ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகின்றன. ‘மெய்யழகன்’ 177 நிமிடத்தோடு வந்து, வெளியான சில நாள்களிலேயே சுமார் 18 நிமிடம் வெட்டப்பட்டது. பீர் பாட்டிலோடு உட்கார்ந்து வரலாறு, போர், போராட்டம் என்று பேச்சு விரியும் இடத்தில் நானும் நெளிந்தேன். ஊர்ப்பக்கம் நள்ளிரவில் அப்படித்தான் பேசுவார்கள் என்பது உண்மை. பேசுகிறவன் குரல் தேய்ந்து இயக்குநர் குரல் எழும்பியதுதான் கோளாறு. வெட்டியதில் எனக்கு வருத்தமில்லை.

இசையில் இரண்டு படத்துக்கும் கோவிந்த் வசந்தாதான். ‘96’இல் இளையராஜா பாட்டு இல்லாத இடங்களிலும் அவருடைய நிழல் விழுகிறது, ரசிகனின் பாதி ஏக்கத்தை அந்தப் பழைய பாட்டுகளே சம்பாதித்துக் கொடுத்துவிடுகின்றன. ‘மெய்யழக’னில் கமல்ஹாசன் குரலில் வரும் ‘போறேன் நா போறேன்’ கடன் வாங்காமல் தானே சம்பாதிக்கிறது.

பத்தாம் வகுப்புக் காதலை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ள ‘96’ போதும். அது நம்மை நல்லவர்கள் என்று நம்ப வைத்து வீட்டுக்கு அனுப்பும். ‘மெய்யழகன்’ அந்தச் சலுகையைத் தருவதில்லை. நான் பார்த்து முடித்ததும், ஆண்டுக்கணக்கில் போன் செய்யாத ஒரு சித்தப்பாவின் எண்ணைத் தேடினேன். ஒரு படத்துக்கு இதைவிடப் பெரிய வேலை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.