சேர்வராயன் மலையில் காபி விவசாயச் சீர்திருத்தம்

சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் 1820களில் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்த காபி, இன்று பெரிய எஸ்டேட்டுகளிலும் மலையாளிப் பழங்குடியினரின் சிறு தோட்டங்களிலும் சில்வர் ஓக் நிழலில் மிளகுக்கொடியோடு விளைகிறது. 1942ஆம் ஆண்டுக் காபிச் சட்டப்படி விளைச்சல் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குப் போனது. பணம் தவணை தவணையாக வந்தது. 1992 முதல் தளர்ந்துவந்த இந்த ஏற்பாடு 1996இல் முடிந்து, விவசாயியே விற்கலாம் என்றானது. சரியான சீர்திருத்தம்தான், ஆனால் பாதிதான் நடந்தது. விற்கும் உரிமை, காத்திருக்க வசதியுள்ளவருக்கே முழுதாகப் பயன்படும்.

அராபிகா ஒரே சமயத்தில் பழுப்பதில்லை. சிவந்த பழத்தை மட்டும் பல சுற்றாகப் பறித்து, அன்றைக்கே பல்பரில் தோலுரித்து, ஊறவைத்துக் கழுவி, களத்தில் உலர்த்தினால் பார்ச்மென்ட். பழத்தை அப்படியே காயப்போட்டால் செர்ரி. அதற்கு விலை குறைவு. ஏறக்குறைய ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பருப்புதான் தேறும். பல்பரும் சிமென்ட் களமும் இல்லாமல், வியாபாரியிடம் முன்பணமும் வாங்கிய குடும்பத்துக்குப் பழமாகவே எடைபோட்டுக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. பழைய தொகுப்பே மேல் என்பாரும் உண்டு. ஆனால் சர்வதேசக் காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீடு 1989இல் முறிந்தபின், 2000ஐ ஒட்டிய விலைச் சரிவை எந்த வாரியமும் தாங்கிப் பிடித்திருக்காது. ஊருக்கொரு பொதுக் களமும் பல்பரும், உலர்ந்த மூட்டையை ஈடாக வைத்துக் கடனும்தான் இங்கே தேவை. கிடங்கு ரசீதை அடமானமாக ஏற்க 2007ஆம் ஆண்டுக் கிடங்குச் சட்டமே வழிவிடுகிறது.

அடுத்தது நிலம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி தமிழகத்தில் உரிமைப் பத்திரம் வழங்குவது, 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த கட்டுப்பாட்டால் முடங்கி, 2016இல்தான் உச்ச நீதிமன்றத்தால் விடுபட்டது. பத்திரம் கொடுத்தால் நிலம் ரிசார்ட்டுக்காரர் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் ஏற்காட்டைப் பார்த்தவருக்கு இயல்பே. ஆனால் இவ்வுரிமை வாரிசுக்குப் போகுமே தவிர விற்க முடியாது. விற்க முடியாத நிலத்தை வங்கி ஈடாக ஏற்காது என்பது வலுவான மறுப்பு. அதனால்தான் நிலத்தை விட்டு மூட்டையின்மேல் கடன் தரச் சொல்கிறோம். அதற்காகப் பத்திரம் வேண்டாம் என்றாகாது: ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய காடழிப்புத் தடுப்புச் சட்டம், காபி விளைந்த நிலத்தின் ஆயத்தொலைவுகளையும், அது உள்நாட்டுச் சட்டப்படி விளைந்ததற்கான ஆதாரத்தையும் கேட்கிறது. இந்தியக் காபியை அதிகம் வாங்குவோரில் இத்தாலியும் ஜெர்மனியும் அடக்கம்.