இரு மலைநகர்களும் அவற்றின் கடன்களும்

சில ஆண்டுகளுக்கு முன் இளநிலைக் கணினி அறிவியல் வகுப்பில் பகுதி ஒன்று தமிழை என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் மின்னஞ்சல் எழுதியிருந்தார். இப்போது அவர் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறார். மேற்கே இரண்டு நகரங்களிலிருந்து வேலைக்கான அழைப்பு வந்திருக்கிறதாம். ஒன்று கொலராடோ மாநிலத்தின் டென்வர். மற்றொன்று யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. ஊதியத்தில் பெரிய வேறுபாடு இல்லை. கணவன் மனைவி இருவருக்கும் மலையேற்றத்தில் ஈடுபாடு உண்டு. குழந்தை வெட்டவெளியில் ஓடியாடி வளர வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். "இரண்டு ஊரிலும் மலை இருக்கிறது, வேலை இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது என்று தெரியவில்லை ஐயா. நீங்கள் ஏதேனும் சொல்லுங்கள்" என்று முடித்திருந்தார்.

அமெரிக்க மண்ணை மிதித்தறியாத தமிழாசிரியனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது என்று முதலில் சிரிப்பு வந்தது. எனினும், நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியத்தை வைத்து அவருக்குப் பாடம் நடத்தியவன் நான்தானே! வாழ்வைப் பேசுமுன் அது நிகழும் நிலத்தையும் பொழுதையும் பேசு என்பதுதானே அதன் சாரம்? ஆகவே அவ்விரு நகரங்களின் வரலாற்றைச் சில வாரங்கள் தேடிப் படித்தேன். அவருக்கு எழுதிய மறுமொழியின் விரிவே இக்கட்டுரை.

தோன்றிய விதம்

இரு நகரங்களும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் தோன்றியவை. ஆனால் அவை தோன்றிய நோக்கங்கள் முற்றிலும் வேறானவை.

சால்ட் லேக் சிட்டி புகலிடமாகப் பிறந்தது. மோர்மன் சமயத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1844-இல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு கும்பலால் கொல்லப்பட்டார். அதன்பின் பிரிகம் யங் தலைமையில் அம்மக்கள் மேற்கு நோக்கிப் புறப்பட்டனர். 1847 ஜூலை 24 அன்று யங் அப்பள்ளத்தாக்கை அடைந்தார். அவருக்கு முன்னரே வந்து சேர்ந்த முன்னணிக் குழுவினர் இறுகிக் கிடந்த நிலத்தை உழ முயன்றனர். மண் இளகவில்லை. உடனே ஓடையை மறித்து நீரைத் திருப்பி நிலத்தை நனைத்தனர். கோயிலுக்கு இடம் குறிப்பதற்கு முன்பே வாய்க்கால் பிறந்துவிட்டது என்பது நோக்கத்தக்கது. ஓடைகளும் காட்டு மரங்களும் எவருக்கும் தனியுடைமை ஆகா என்பது யங் வகுத்த தொடக்ககால விதி.

டென்வரோ பொன்னாசையில் பிறந்தது. 1858-இல் செர்ரி கிரீக் என்னும் ஓடை சவுத் பிளாட் ஆற்றோடு கலக்கும் பகுதியில் சிறிதளவு பொன் கிடைத்தது. அச்செய்தி பரவிய வேகத்தில் கூடாரங்கள் முளைத்தன. அவ்வாண்டு நவம்பரில் வில்லியம் லாரிமர் என்பவர் அங்கு ஒரு நகருக்கு எல்லை குறித்து, கன்சாஸ் ஆளுநர் ஜேம்ஸ் டென்வரின் பெயரைச் சூட்டினார். ஆளுநரின் தயவைப் பெறுவதே நோக்கம். அந்தோ, அவர் அதற்கு முன்பே பதவி விலகியிருந்தார்!

பொன் தேடி வந்தவர்களுக்கு நிலத்தைக் கேட்டறியப் பொறுமை இல்லை. வறண்டு கிடந்த ஓடைப் படுகையிலேயே கட்டடங்களை எழுப்பினர். வெள்ளம் வரும் என்று அரப்பஹோ மக்கள் எச்சரித்ததைப் பொருட்படுத்தவில்லை. 1864 மே மாதத்தில் ஓடை பெருக்கெடுத்து நகர மன்றத்தையும் செய்தித்தாள் அலுவலகத்தையும் அடித்துச் சென்றது.

சுரங்கக்காரர்கள் கொணர்ந்த நீர்விதியும் அதே அவசரத்தின் குழந்தைதான். முதலில் எடுத்தவனுக்கே முதல் உரிமை என்பது அவ்விதி. 1876-இல் கொலராடோ மாநிலமானபோது அது அரசமைப்பிலேயே இடம்பெற்றது. ஓர் ஆற்றுப்படுகையின் நீரை மற்றொரு படுகைக்குக் கொண்டுசெல்லலாம் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1882-இல் தீர்ப்பளித்தது. பொதுமை பேசித் தொடங்கிய யூட்டாவும் பின்னாளில் முதல் உரிமை விதிக்கே வந்து சேர்ந்தது.

இருப்புப் பாதை கைவிட்டபோது

இரு நகரங்களுக்கும் ஒரே வகையான ஏமாற்றம் நேர்ந்ததைப் படித்தபோது வியப்பாக இருந்தது. கண்டத்தைக் கடக்கும் முதல் இருப்புப் பாதை டென்வரின் மேற்கே நிற்கும் ராக்கி மலைச்சுவருக்கு அஞ்சி, வடக்கே வயோமிங் வழியாகச் சென்றுவிட்டது. யூட்டாவிலும் அது உப்பு ஏரியின் வடபுறமாகச் சென்றதால் தலைநகரம் விலகி நின்றது. 1869 மே 10 அன்று ப்ரோமன்டரி என்னுமிடத்தில் கிழக்குப் பாதையும் மேற்குப் பாதையும் இணைந்தன.

இருவரும் சோர்ந்து அமரவில்லை. தாமே கிளைப்பாதை அமைத்தனர். சால்ட் லேக் சிட்டிக்கு 1870 ஜனவரியிலும் டென்வருக்கு அவ்வாண்டு ஜூனிலும் ரயில் வந்தது. பின்னர் டென்வர் தன் மலைச்சுவரையே குடைந்தது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள மாஃபட் சுரங்கப்பாதை 1928-இல் திறக்கப்பட்டது.

மலை விளையாட்டான கதை

பொன்னும் வெள்ளியும் வற்றியபின் அதே மலைகள் பனியை விற்கத் தொடங்கின. யூட்டாவின் ஆல்டா பழைய வெள்ளிச் சுரங்க ஊர். 1939-இல் அது பனிச்சறுக்குத் தலமாயிற்று. கொலராடோவில் இரண்டாம் உலகப்போரின்போது மலைப்போருக்குப் பயிற்சி பெற்ற வீரர்கள் திரும்பி வந்து இத்தொழிலை வளர்த்தனர். 1962-இல் தொடங்கிய வேல் என்னும் தலத்தை நிறுவிய பீட் சைபர்ட் அவர்களுள் ஒருவர்.

இவ்வரலாற்றில் ஒலிம்பிக் அத்தியாயம் தனித்துச் சொல்லத்தக்கது. 1976 குளிர்கால ஒலிம்பிக் போட்டி டென்வருக்கு 1970-இல் வழங்கப்பட்டது. செலவும் சுற்றுச்சூழலும் பற்றிய ஐயங்கள் வளர்ந்தன. 1972 நவம்பரில் கொலராடோ மக்கள் அரசுப் பணம் செலவிடலாகாது என்று வாக்களித்து, கைக்கு வந்த போட்டியைத் திருப்பி அனுப்பினர். எதிர்ப்பை முன்னின்று நடத்திய டிக் லாம் 1974 தேர்தலில் வென்று ஆளுநரானார். அப்போட்டியைத் தான் நடத்துவதாகச் சால்ட் லேக் சிட்டி முன்வந்தது. ஆனால் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் அதைப் பெற்றது.

விடாது முயன்ற சால்ட் லேக் சிட்டிக்கு 2002-ஆம் ஆண்டுப் போட்டி கிடைத்தது. அதைப் பெறக் கையாண்ட வழிகள் 1998 இறுதியில் கையூட்டு ஊழலாக வெடித்து, பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் உறுப்பினர் சிலர் வெளியேற்றப்பட்டனர். எனினும் போட்டி சிறப்பாகவே நடந்தேறியது. 2034-ஆம் ஆண்டுப் போட்டியும் அந்நகருக்கே வழங்கப்பட்டுள்ளது. அவ்வறிவிப்பு வந்த நாள் 2024 ஜூலை 24. முன்னோர் பள்ளத்தாக்கை அடைந்த அதே நாள்! ஒரு நகரம் விருந்தினரை வேண்டாம் என்றது. மற்றொன்று வருந்தி அழைத்தது. இரண்டின் இயல்பையும் இதைவிடச் சுருக்கமாக உணர்த்த இயலாது.

கடன்

இனி, மாணவருக்கு நான் சொல்ல விரும்பிய செய்திக்கு வருகிறேன். ஓர் ஊரில் குடியேறுபவர் அதன் மலையையும் வேலையையும் மட்டும் பெறுவதில்லை. அந்த ஊர் பட்டிருக்கும் கடனிலும் பங்காளியாகிறார்.

டென்வரின் முதற்கடன் நீர். கொலராடோவின் மழையும் பனியும் பெரும்பாலும் மலைமுகட்டின் மேற்கே பெய்கின்றன. மக்களோ பெரும்பாலும் கிழக்கே வாழ்கின்றனர். ஆகவே மாஃபட் பாதைக்காக முதலில் குடைந்த சிறு சுரங்கத்தின் வழியே 1936 முதல் நீர் கொண்டுவரப்பட்டது. 1960-களில் டில்லன் என்னும் சிற்றூரையே இடம் பெயர்த்து நீர்த்தேக்கம் கட்டி, ஏறத்தாழ 37 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தால் நகருக்கு நீர் கொணர்ந்தனர். இன்று டென்வர் குடிக்கும் நீரில் பாதியளவு கொலராடோ ஆற்றுப்படுகைக்கு உரியது. அந்த ஆற்றை நம்பி ஏழு மாநிலங்களும் மெக்சிகோவும் வாழ்கின்றன.

இரண்டாவது கடன் தீர்க்க இயலாதது. 1851 உடன்படிக்கையின்படி டென்வர் அமைந்த நிலம் ஷையான், அரப்பஹோ மக்களுடையது. 1864 நவம்பர் 29 அன்று கர்னல் சிவிங்டனின் படை சாண்ட் கிரீக் என்னுமிடத்தில் தங்கியிருந்த அம்மக்களைத் தாக்கி இருநூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பெண்களும் குழந்தைகளும் முதியோருமே மிகுதி. அப்போதைய ஆளுநர் ஜான் எவன்ஸின் பெயரைத்தான் டென்வரிலிருந்து தெரியும் 14,000 அடிக்கும் மேற்பட்ட சிகரம் ஒன்று நெடுங்காலம் தாங்கி நின்றது. 2023-இல் அதனை ப்ளூ ஸ்கை சிகரம் என்று மாற்றினர். மலையேறச் செல்பவர் தாம் ஏறும் சிகரத்தின் பெயர் ஏன் மாறியது என்று அறிந்திருப்பது நல்லது.

யூட்டாவும் இதில் தூய்மையானதன்று. அங்கும் யூட், ஷோஷோனி மக்களின் நிலத்தில்தான் வாய்க்கால் வெட்டப்பட்டது. அந்நகரின் பெருங்கடனோ ஏரிக்குப் பட்டது. கிரேட் சால்ட் லேக் என்னும் அப்பெரும் உப்பேரிக்கு நீர் வரும் வழி உண்டு, போகும் வழி இல்லை. 1980-களில் அது பெருகி, மிகைநீரை மேற்குப் பாலைக்கு இறைக்கப் பொறிகள் நிறுவ வேண்டியிருந்தது. 2022 நவம்பரில் அதே ஏரி வரலாறு காணாத தாழ்நிலையை எட்டியது. இவ்விரு நிலைகளுக்கும் இடையே உயர வேறுபாடு இருபது அடிக்கு மேல். ஆறுகளின் நீர் பெரிதும் வயல்களுக்கும், பின்பு நகரங்களுக்கும் திருப்பப்படுவதே முதன்மைக் காரணம். வெளிப்பட்ட ஏரித்தரையின் புழுதியில் ஆர்செனிக் உள்ளது. அதனைக் காற்று நகரின் பக்கம் கொண்டுவரும். நீருரிமை உடையவர் தம் நீரை ஏரிக்கென்று ஆற்றிலேயே விடுவதும் ஒரு பயன்பாடே என ஏற்கும் சட்டத் திருத்தம் 2022-இல்தான் வந்தது. உழுநிலத்தை நனைத்து ஊரைத் தோற்றுவித்த அதே கைதான் ஏரியையும் வற்றச் செய்தது.

பொழுது

நிலத்தைப் பார்த்தோம். பொழுதையும் பார்க்க வேண்டும். சால்ட் லேக் சிட்டி இரு மலைத்தொடர்களுக்கு இடையே கிண்ணம்போல் அமைந்தது. குளிர்காலத்தில் மேலே வெப்பக்காற்று மூடிபோல் அமர, கீழே குளிர்காற்றும் புகையும் நாட்கணக்கில் சிறைப்படும். டென்வருக்குக் கோடையில் ஓசோன் மாசு. குழந்தையை வெட்டவெளியில் வளர்க்க விரும்புபவர் எந்த மாதங்களில் கதவை அடைக்க நேரும் என்பதையும் கணக்கிட வேண்டாமா?

அண்மையும் ஒரு கணக்கு. சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆல்டாவை அடையலாம். அந்தப் பள்ளத்தாக்கில் நாயை அழைத்துச் செல்லத் தடை உண்டு, ஏனெனில் நகரின் குடிநீர் அங்கிருந்துதான் இறங்குகிறது. விளையாட்டுக்கும் குடிநீருக்கும் இடையே ஊர் வரைந்த எல்லைக்கோடு அது. டென்வரிலிருந்து பனித்தலங்களுக்குச் செல்வோர் பெரும்பாலும் ஒரே நெடுஞ்சாலையில் ஏறி, 11,000 அடிக்கு மேலுள்ள ஐசனோவர் சுரங்கத்தைக் கடக்க வேண்டும். வார இறுதிகளில் அச்சாலையின் நெரிசல் பெயர்பெற்றது.

மறுமொழி

முடிவாக அவருக்கு எழுதியது இதுதான். நீங்கள் எச்1பி விசாவில் இருப்பவர். வேலை போனால் அடுத்ததைத் தேட அறுபது நாட்கள் வரையே அவகாசம். 2020 கணக்கெடுப்பின்படி டென்வர் பெருநகரப் பகுதியில் ஏறத்தாழ 30 லட்சம் பேர், சால்ட் லேக் சிட்டிப் பகுதியில் 12 லட்சத்துச் சொச்சம். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் முதல் நான்கு கணுக்களுள் ஒன்றாக யூட்டா பல்கலைக்கழகம் 1969-இல் திகழ்ந்தது. அம்மரபில் அங்கும் கணினித் தொழில் செழித்துள்ளது. எனினும் ஒரு வாசல் அடைபட்டால் மறு வாசல் தேட டென்வரே இப்போதைக்குத் தக்கது என்று கருதுகிறேன். குடியுரிமை உறுதியாகி, வேலை முடிந்த மாலையிலேயே மலைக்குப் போக வேண்டும் என்ற ஆசை மிகுமானால் அப்போது சால்ட் லேக் சிட்டியை எண்ணிப் பாருங்கள்.

எங்கே சென்றாலும் ஒன்று செய்யுங்கள். வீட்டுக் குழாயைத் திறக்குமுன் அந்நீர் எந்த மலையைக் கடந்து, எந்த ஏரிக்குச் சேராமல் உங்களிடம் வந்தது என்று கேட்டறியுங்கள். குழந்தைக்கும் சொல்லுங்கள். வாக்குரிமை இன்னும் வராதிருக்கலாம், ஆனால் புல்வெளிக்கு எவ்வளவு நீர் ஊற்றுவது என்பதை முடிவு செய்யும் உரிமை முதல் நாளே வந்துவிடுகிறது.

அவரிடமிருந்து சுருக்கமாக ஒரு பதில் வந்தது. மனைவியும் கடிதத்தைப் படித்தாராம். இருவரும் டென்வருக்குச் செல்ல முடிவு செய்திருக்கிறார்களாம். முதல் கோடையில் ஏறப்போவது ப்ளூ ஸ்கை சிகரம். அதற்கு முன் சாண்ட் கிரீக்குக்கு ஒருமுறை சென்று வருவோம் ஐயா என்று எழுதியிருந்தார்.