பன்வாரி தேவியும் எங்க தெருப் புள்ளையும்

சின்னமனூரிலிருந்து காலேஜுக்குப் போன எங்க தெருப் புள்ள, வாத்தியார் தொல்லையால் படிப்பை விட்டு வந்துட்டா. விசாரிக்கக் கமிட்டி உண்டென்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அந்தக் கமிட்டி எவர் தயவிலும் வந்ததல்ல. 1992இல் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில், குழந்தை மணத்தைத் தடுக்கப்போன குயவர் சாதிப் பெண் பன்வாரி தேவியை ஆதிக்க சாதியார் கூட்டாக வன்புணர்ந்தார்கள். மேல்சாதிக்காரன் இவளைத் தொட்டிருப்பானா என்ற தோரணையில் 1995இல் கோர்ட்டு அவர்களை விட்டுவிட்டது. பெண்கள் அமைப்புகள் விடவில்லை. அவர்கள் உச்சநீதிமன்றத்தில் நடத்திய வழக்கில்தான் 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது. 2013இல் அது சட்டமானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிகளோ, மாணவிகள் புகார் சொல்லத் தடையாவதில் சாதியும் ஒன்றென்றே எழுதின.

'பேரு கெட்டுரும், வாயை மூடு'ன்னு அவளை வீட்டுக்குள் வைத்ததில் நானும் ஒருவன். புகாருக்கு மூணு மாசம் கெடு. இன்னும் நாள் இருக்கு. காலேஜ் வாசல்வரை நாம கூடப் போகணும்.