பழவேற்காடு படகுச் சுற்றுலா

பழவேற்காடு படகுச் சுற்றுலா என்பது, தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ள பழவேற்காடு ஏரியில், உள்ளூர் மீனவர்களின் படகுகளில் ஏறிப் பறவைகளையும் மணல்திட்டுகளையும் முகத்துவாரத்தையும் காண்பதற்காகப் பயணிகள் மேற்கொண்டுவந்த உலாவைக் குறிக்கும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று நிகழ்ந்த படகு விபத்தில் 22 பேர் உயிரிழந்ததை அடுத்து, சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. ஆகவே இவ்வூருக்குச் செல்லத் திட்டமிடுபவர், படகு இன்றியும் காணத்தக்கவை எவை என்பதை அறிந்து செல்வது பயன்தரும்.

ஏரியின் அமைப்பு

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி ஆகும். இத்தகைய நீர்நிலையைக் காயல் என்றும், இலங்கைத் தமிழில் களப்பு என்றும் அழைப்பர். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்முனை தமிழ்நாட்டிலும் உள்ளது. சிறீஅரிக்கோட்டா என்னும் நீண்ட மணல்தீவு ஏரியை வங்காள விரிகுடாவிலிருந்து பிரிக்கிறது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் இதில் கலக்கின்றன. பக்கிங்காம் கால்வாய் இதனூடாகச் செல்கிறது.

ஏரி ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. எனினும் அதன் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. பல இடங்களில் நடுஏரியிலும் மனிதர் நின்று மீன்பிடிப்பதைக் காணலாம். புதிதாக வருபவர் "இடுப்பளவு நீர்தானே" என்று எண்ணுவதற்கு இக்காட்சியே காரணமாகிறது. ஆயின் ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் இயல்பு வேறு. அங்கே ஓதம் ஏறும்போதும் வடியும்போதும் பரந்த ஏரியின் நீர் ஒரு குறுகிய வாய் வழியாகப் பாய்கிறது. அதனால் நீரோட்டம் விரைவாகவும், அடிமணல் அரிக்கப்பட்டு ஆழம் மிகுந்தும் இருக்கும். கடல் அலையும் உள்ளே புகும். மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடுவதும், மீண்டும் திறப்பதும் வழக்கம் என்பதால் சென்ற ஆண்டு பாதுகாப்பாக இருந்த இடம் இவ்வாண்டும் அவ்வாறே இருக்கும் எனக் கொள்ள இயலாது.

மீனவ ஊர்களும் பாடு முறையும்

ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் பல மீனவக் குப்பங்கள் உள்ளன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், கலங்கரை விளக்கக் குப்பம் ஆகியன அவற்றுள் சில. இறால், நண்டு, மடவை முதலியன முதன்மையான பிடிப்புகள். வலையோ படகோ இன்றி, நீரில் அமர்ந்தவாறு கைகளால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் சமூகத்தினரும் இங்கு உள்ளனர். பிடித்த இறாலை இடுவதற்கான பனையோலைப் பறியை அவர்கள் பற்களால் கவ்விக்கொள்வர்.

முகத்துவாரத்தை ஒட்டிய வளமான மீன்பிடி இடங்களில் பாடு எனப்படும் மரபுமுறை நடைமுறையில் இருந்து வருகிறது. இதன்படி உரிமையுடைய ஊர்களின் மீனவர்களுக்கு, எந்த நாளில் எவர் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பது முறைவைத்துப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் எல்லாருக்கும் சுழன்று வருவது இதன் சிறப்பாகும். கழிகளை நட்டுக் கட்டிய இவ்வலைகளின் குறுக்கே உலாப் படகு செல்லுமாயின், வலை அறுபடுவதோடு பொறியின் விசிறியும் சிக்கிக்கொள்ளும். தன் முறை வந்த நாளில் வலையை இழக்கும் மீனவருக்கு அடுத்த முறை வரும்வரை அவ்விழப்பை ஈடுசெய்ய வழியில்லை.

அதே வேளையில், மீன்பாடு குறைந்த நாட்களில் பயணிகளை ஏற்றிச் சென்று ஈட்டிய கூலி பல குடும்பங்களுக்குத் துணைவருவாயாக இருந்தது. சிறீஅரிக்கோட்டாவிலுள்ள சதீசு தவான் விண்வெளி மையத்திலிருந்து ஏவூர்தி செலுத்தப்படும் நாட்களில் இப்பகுதி மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுவதும் உண்டு.

2011 விபத்து

2011ஆம் ஆண்டு கிறித்துமசு நாளன்று, உறவினர்களான ஒரு குழுவினர் மீன்பிடிப் படகொன்றில் உலா சென்றபோது, ஏரி கடலோடு சேரும் பகுதிக்கு அருகே படகு கவிழ்ந்தது. பெண்களும் குழந்தைகளும் உட்பட 22 பேர் இறந்தனர். படகில் அளவுக்கு மீறி ஆட்கள் ஏற்றப்பட்டிருந்ததும், அவர்களிடம் உயிர்காப்பு மேலங்கிகள் இல்லாததும் பெரிதும் பேசப்பட்டன.

மீன்பிடிப் படகின் வடிவமைப்பையும் இங்குக் கருத வேண்டும். வலையும் மீனும் படகின் அடிப்பகுதியில் கிடக்கும் சுமைகளாகும். அவை படகைத் தாழ்த்தி நிலைநிறுத்துகின்றன. பயணிகளோ மேலே அமர்ந்தும் நின்றும் செல்வர். பறவைக்கூட்டம் தென்பட்டவுடனோ, அலை தெறித்தவுடனோ எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகின் சமநிலை கெடும். இதே காரணம் பிற இடங்களிலும் பேசப்பட்டுள்ளது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் நிகழ்ந்த விபத்தில் 22 பேர் இறந்தனர்.

தடைக்குப் பிறகும் விடுமுறை நாட்களில் அனுமதியின்றிப் பயணிகள் ஏற்றிச் செல்லப்படுவதாகச் செய்திகள் வெளிவந்துள்ளன. காணும் பொங்கலன்று கூட்டம் மிகுதியாக இருக்கும். கரையில் வந்து படகுக்கு அழைப்பவர் எவராயினும், அனுமதி உண்டா என்பதை உள்ளூர்க் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ கேட்டறிதல் வேண்டும். மேலங்கி இல்லாத படகில் எந்நிலையிலும் ஏறலாகாது.

பயணத்தைத் திட்டமிடல்

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சென்னை – கும்மிடிப்பூண்டி புறநகர்த் தொடருந்தில் பொன்னேரி வரை சென்று, அங்கிருந்து பேருந்தில் செல்லலாம். ஒரே நாளில் சென்று திரும்பிவிடலாம்.

அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும் காலமாகும். எனினும் இதன் முற்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலம் ஆதலின் புயலும் பெருமழையும் குறுக்கிடக்கூடும். சனவரி, பெப்ரவரி மாதங்களே மிகவும் ஏற்றவை. பெரும் பூநாரை, கூழைக்கடா, உள்ளான், ஆலா முதலிய பறவைகளைக் காணலாம். பூநாரைகள் ஆழமற்ற சேற்றுநீரில் இரைதேடுவன. எனவே அவற்றைக் காண நடுஏரிக்குச் செல்லவேண்டும் என்பது தேவையற்ற எண்ணம். மேற்குக் கரையிலுள்ள அண்ணாமலைச்சேரியிலும், ஆந்திரப் பகுதியில் சூளூர்ப்பேட்டையிலிருந்து சிறீஅரிக்கோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே செல்லும் சாலையிலும் கரையில் நின்றவாறே காணலாம். நல்ல இருகண் நோக்கி ஒன்று படகைவிடப் பயன்படும். படகொலி கேட்டால் பறவைகள் எழுந்து பறந்துவிடும்.

ஊருக்குள் காணத்தக்கவையும் பல. ஒல்லாந்தர் 1613இல் கட்டிய கெல்திரியாக் கோட்டை, 1690 வரை சோழமண்டலக் கடற்கரையில் அவர்களின் தலைமையிடமாக விளங்கியது. பின்னர் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்பட்டது. கோட்டை இன்று சிதைந்து கிடக்கிறது. ஆயினும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் நல்ல நிலையில் உள்ளது. எலும்புக்கூடு உருவங்கள் செதுக்கிய அதன் நுழைவாயிலைப் பலர் அச்சத்தோடும் வியப்போடும் பார்ப்பர். இவ்வூர் முசுலிம் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகள் பெயர்பெற்றவை. கலங்கரை விளக்கத்துக்கும் கடற்கரைக்கும் பாலம் வழியே செல்லலாம். கடலில் குளிப்பது, குறிப்பாக முகத்துவாரத்துக்கு அருகே, ஆபத்தானது.

நீர்மூழ்கலும் பழவேற்காடும்

தீவு, ஏரி, கடல் ஆகிய மூன்றும் ஒருங்கே இருப்பதால், இங்கு ஸ்கூபா எனப்படும் காற்றுக்கலன் நீர்மூழ்கல் இயலுமா எனச் சிலர் வினவுவதுண்டு. இயலாது. ஏரியின் ஆழம் போதாது, சேறு கலங்கிய நீரில் கையெட்டும் தொலைவுகூடத் தெளிவாகத் தெரியாது, பவளப்பாறைகளும் இல்லை.

நீர்மூழ்க விரும்புவோர் புதுச்சேரிக்குச் செல்லலாம். அந்தமானில், 2018இல் சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக் தீவு புகழ்பெற்றது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்குக் கடல் அமைதியாக இருக்கும். இலட்சத்தீவுகளுக்கு நுழைவு அனுமதி முன்னரே பெறவேண்டும். இலங்கையில் திருகோணமலைப் பக்கம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும், தென்மேற்கே இக்கடுவைப் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரையும் ஏற்ற காலங்கள். ஒரே தீவின் இரு கரைகளுக்கும் பருவம் மாறுபடுவதை அறியாமல் பயணச்சீட்டு எடுத்து ஏமாந்தவர் உண்டு.

திரும்பும் வானூர்தியை முன்னிட்டும் நாட்களைக் கணக்கிட வேண்டும். நீரடியில் மூச்சுவிடும்போது உடலில் கரையும் நைதரசன், காற்றழுத்தம் குறைந்த உயரத்தில் குமிழிகளாக வெளிப்பட்டுத் தீங்கு விளைவிக்கும். ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் கழித்தே வானூர்தியில் ஏறவேண்டும் என்பது பொதுவான அறிவுரை. ஆகவே பயணத்தின் இறுதி நாளைக் கரையில் கழிப்பதற்கு ஒதுக்குவர்.